நாலாவது மூலை

சகலை மேல் வழக்குப் போட நாற்காலிக்காரரிடம் ஆயிரம் காரணம் இருந்தது. வக்கீலிடம் சொன்னது ஒன்றே ஒன்று. தன் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்த மனைவியின் தங்கை புருஷன், தொழில் ரகசியத்தைத் திருடிக்கொண்டு போய் எதிர்ச்சாரியிலேயே கடை போட்டுவிட்டான்.

மற்றதையெல்லாம் மனுவில் எழுத முடியாது. சகலை தன் கடைக் கண்ணாடியைத் துடைத்தால் இவருக்கு இங்கே வயிறு எரியும். அவன் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று ஜன்னலோரமாக நின்று எண்ணுவார். பழைய வாடிக்கையாளர் யாராவது அந்தப் படி ஏறினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. போதாததற்கு மாமியார், இடுப்புவலிக்குச் சின்ன மாப்பிள்ளை செய்த நாற்காலிதான் ஒத்துக்கொள்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை செய்து கொடுத்த நாற்காலியில் துணி காய்ந்தது. இதைப் பார்த்த பிறகும் ஒரு மனுஷன் சும்மா இருப்பானா?

"சொந்தத்துக்குள்ள கேஸு எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன்னா சட்டம் வேலை செய்யாதா?"

ரகசியம் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு முடிச்சு. இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங்குகளை மரச்சட்டத்தோடு இழுத்துக் கட்டும் கயிறு நாலு மூலையிலும் முடியும். மற்றவர்கள் போடும் முடிச்சு நாளாக ஆகத் தளரும். நாற்காலிக்காரர் மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் நுழைத்து, ஒரு இழுப்பு இழுத்தால் அது ஜென்மத்துக்கும் அசையாது. அதைப் போடும் நேரம் வந்தால் சகலையை டீ வாங்க அனுப்பிவிடுவார். எட்டு வருஷத்தில் அவன் எத்தனை டீ வாங்கி வந்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அப்படியும் எங்கேயோ எட்டிப் பார்த்திருக்கிறான். இல்லாவிட்டால் அவன் நாற்காலி இந்தப் போடு போடுமா? அதுதான் இவருடைய வாதம். அந்த முடிச்சு தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அந்த முடிச்சு அவர் நாற்காலிக்குள்ள இருந்தா ஜெயிச்சோம்," என்றார் வக்கீல். "அந்த நாற்காலிய அவர் செய்யவே கூடாதுன்னு தடை வாங்கிடலாம். இல்லேன்னா நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல."

வேறு ஆளை அனுப்பிச் சகலை கடையிலிருந்து ஒரு நாற்காலியை ரசீதோடு வாங்கினார்கள். சனிக்கிழமை அது பட்டறைக்கு வந்தது. திங்கட்கிழமை வந்து சீல் வைப்பதாக வக்கீல் சொன்னார். "அதுவரைக்கும் கை வெச்சிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலிக்காரர் பட்டறையைத் திறந்தார். கை வைக்கவில்லை, உட்கார்ந்துதான் பார்த்தார். உட்கார்ந்த இடுப்பு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளைப் பிடுங்கி, அடித்துணியை விலக்கினார்.

முடிச்சு இல்லை. நாலு மூலையிலும் எல்லாரும் போடுகிற சாதாரண முடிச்சு. சுகத்துக்குக் காரணம் வேறு. இடுப்பு படும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, இழுக்க வேண்டிய அளவுக்கு இழுத்துக் கட்டியிருந்தது. முப்பது வருஷத்தில் தனக்குத் தோன்றாத பட்டை. டீ வாங்கப் போனவனுக்குத் தோன்றியிருக்கிறது. திருடியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒரே ஒரு மூலையில் மட்டும் கயிறு லேசாகத் தளர்ந்திருந்தது. ஆறு மாதத்தில் கிறீச்சிடும். நாற்காலிக்காரர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். தளர்ந்த கயிற்றைப் பார்த்துவிட்டுப் போகிற கை அவருக்கு இல்லை. அவிழ்த்தார், மூன்று சுற்று, அடியில் நுழைத்து, ஒரு இழுப்பு. துணியைப் போர்த்தி நாலைந்து ஆணி அடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. சுத்தியல் அப்படியே நின்றது. பிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எதிர்ச்சாரியில் மூன்று வண்டி நின்றுகொண்டிருந்தது. மிச்ச ஆணிகளையும் அடித்து முடித்தார்.

கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் நாற்காலியைப் பிரித்தது, தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள். மூன்று மூலையைப் பார்த்துவிட்டு நாலாவதுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"இதோ இருக்கு, மனுவில சொன்ன முடிச்சு."

வக்கீல் சந்தோஷத்தில் நாற்காலிக்காரரின் தொடையைக் கிள்ளினார். சகலை முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, சத்தியமா இது எனக்குத் தெரியாது. நீங்க இதைக் கட்டுறப்பல்லாம் நான் டீக்கடையிலதானே நின்னேன்!"

"உங்க நாற்காலிக்குள்ள எப்படி வந்தது?" என்றார் நீதிபதி. சகலை கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல நின்றான். நாற்காலிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அந்த அம்மாள் விடவில்லை. பக்கத்தில் பிரித்து வைத்திருந்த நாற்காலிக்காரருடைய நாற்காலியையும் குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே முடிச்சுதான். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். இவர் போட்டதைவிட அவர் போட்டது இன்னும் இறுக்கம், இன்னும் சுத்தம். கத்துக்கொடுத்தவரையே மிஞ்சிட்டார்."

குமாஸ்தா அதை அப்படியே டைப் அடித்தார். மிஞ்சிட்டார். கோர்ட் காகிதத்தில், முத்திரையோடு, என்றென்றைக்கும். நாற்காலிக்காரருக்குக் காதில் புகை வந்தது.

"அது அவன் போட்டதில்லம்மா!" எழுந்தே விட்டார். "அவனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. என் கை அது! நான் போட்டது!"

வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். இனி இழுத்து என்ன பிரயோஜனம்.

"எப்போ போட்டீங்க?" என்று நீதிபதி நிதானமாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை," என்றார் நாற்காலிக்காரர். அதற்குள் குரல் இறங்கிவிட்டது.

வழக்கு அன்றைக்கே தள்ளுபடி. நீதிபதி கேட்ட கேள்விகளை வீட்டில் சொல்ல முடியாது. வக்கீல் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வாசலில் சகலை தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான்.

"அண்ணே, அந்த மூலை தளந்திருந்துச்சா?"

"ஆமா."

"மத்த மூணும்?"

மற்ற மூன்றும் இறுக்கமாகத்தான் இருந்தன. அதைச் சொல்ல வாய் வராமல் நாற்காலிக்காரர் வண்டியைத் தேடுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரசீது அவர் பக்கம் இருந்ததால் நாற்காலியும் அவர் தலையில்தான் விழுந்தது. அடித்துணியைத் திரும்ப ஆணியடித்து வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார். மனைவி கைவேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா! இடுப்பைத் தாங்குறாப்பல இருக்குங்க. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு செய்யலியே நீங்க. இது நீங்க செஞ்சதுதானே?"

நாற்காலிக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு மூலை மட்டும்," என்றார்.