பாஜிலாவின் பேட்ஜ்

உத்தமபாளையத்துத் தனியார் எக்ஸ்ரே நிலையமொன்றில் படமெடுக்கும் பாஜிலாவின் கதிர்வீச்சு பேட்ஜ், அவ்வாண்டு மாசியில் ஒரு மூட்டை நெல்லின் எடையை எட்டியது. தீப்பெட்டியளவே இருக்கும் அது, அணிந்தவர் உடலில் பட்ட கதிரின் அளவைப் பதிந்துகொள்வது; மூன்று திங்களுக்கொருமுறை ஆய்வகத்துக்குச் செல்லும், மாற்றாகப் புதியது வரும்.

படமெடுக்கும் அறைக் கதவினுள் கதிரைத் தடுக்க இருந்த ஈயத்தகடு சரிந்து, வெளியே நின்று விசையை அழுத்தும் பாஜிலாவின்மேல் கதிர் கசிந்துவந்தது. அளவு மிகுதியென்று ஆய்வகம் கேட்கும்பொழுதெல்லாம் நிலையத்தின் உரிமையாளர் ராஜபாண்டி ஒரே விடையை எழுதினார்: பணியாளர் பேட்ஜை அறைக்குள் ஆணியில் மாட்டி மறந்துவிட்டார், உடலில் பட்டதன்று. அவ்விடை ஏற்கப்பட்டது. கதவு அப்படியே இருந்தது. ஆகவே பாஜிலா, பேட்ஜை மாற்றும் நொடி தவிர வீட்டிலுங்கூடக் கழற்றுவதில்லையென முடிவுசெய்தாள்.

அன்றுமுதல் அது கனக்கலாயிற்று. சித்திரையில் தேங்காயளவு, ஆடியில் நிறைகுடத்தளவு. பழையதைக் கொடுத்துப் புதியதை அணிந்தால், கனம் புதியதில் வந்தமர்ந்தது. திராட்சை வியாபாரியான அவள் கணவன் நவாஸ் தன் பைக்கைப் பார்த்துப் பெருமூச்செறிந்தான்.

"பின் டயரு ரெண்டாவது தடவ வெடிச்சிருச்சு. அதக் கழட்டி வச்சா என்ன?"

"கழட்டுனா மறந்துட்டதா எழுதிருவாரு. நான் பஸ்ல போய்க்கிறேன், நீங்க பழத்த ஏத்துங்க."

மாசியில் ஆய்வு அதிகாரி வரும் நாளன்று காலையில், ராஜபாண்டி கை நீட்டினார். "ஏம்மா, அதக் கழட்டிக் குடு. ஆணியில மாட்டி வைப்போம், வர்றவரு கண்ணால பாக்கட்டும்."

"நீங்களே மாட்டுங்க சார்," என்று பாஜிலா அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ராஜபாண்டி தரையில் அமர்ந்தார். அதிகாரி வந்தபொழுதும் அவ்வாறே அமர்ந்திருந்தார். கையை அதன் அடியிலிருந்து உருவ இயலவில்லை. ஆணி எதிரே வெறுமையாக இருந்தது. அறை பெருக்கும் சந்தனம்மாள் துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.

"இதத்தான் அந்த ஆணியில மாட்டுனாகளாம், மறந்தும் போனாகளாம்."

"அவ மறக்கலம்மா," என்றார் ராஜபாண்டி. "நாந்தான் எழுதுனேன்."

பாஜிலா பேட்ஜை எடுத்து மீண்டும் அணிந்துகொண்டாள். அதிகாரி கதவைச் சோதித்து, அளவு முழுவதும் அவள் உடலில் பட்டதே எனப் பதிந்தார். புதுக்கதவு வரும்வரை அறை பூட்டப்பட்டது.

அதன்பின் கனம் கூடவில்லை. குறையவும் இல்லை, பட்ட கதிர் பட்டதுதான் ஆகையால். பாஜிலா இன்றும் அதை அணிந்தே கம்பம் பேருந்தில் வேலைக்குச் செல்கிறாள். ஓரத்து இருக்கை காலியாயிருந்தாலும் நடத்துநர் விடுவதில்லை. "வண்டி சாயுதுக்கா, நடுவுல வாங்க," என்பார். நடுவில் இருப்பவர்கள் எழுந்து இடம் விடுவார்கள்.