நிறுத்தும் பொத்தான் எங்கே

1

போன வாரம் என் கைப்பேசியிலிருந்த பாட்டுச் செயலி சொல்லாமல் கொள்ளாமல் புதுக்கோலம் போட்டுக்கொண்டது. பாட்டை நிறுத்தத் தெரியாமல் நான் முழித்த முழிதான் இந்தக் கதை. அதை அப்படியே மசீனாவின் தலையில் கட்டிவிட்டேன். பாவம், அவளுக்கு நேரமும் சரியில்லை. எங்கள் சமோவாக் கிராமத்தில் அந்திச் சங்கு ஊதிவிட்டது.

[சங்கு ஊதினால் ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். எழுந்து நடமாடக் கூடாது. ஜெபமும் தோத்திரப்பாட்டும் தவிர வேறு சத்தம் கேட்டால் அந்த வீட்டார் ஊர்ச்சபைக்குப் பன்றி கொடுக்க வேண்டும்.]

2

தொடக்கம் ஒன்று: மசீனா செயலியைத் திறந்தாள். புது அமைப்பு அழகாகத்தான்—

வேண்டாம். அவள் எங்கே அழகைப் பார்த்தாள்?

தொடக்கம் இரண்டு: சுவரில்லாத வீட்டின் விட்டத்தில் தொங்கிய ஒலிபெருக்கி ஆட்டப்பாட்டை அலறிக்கொண்டிருந்தது. மசீனா கைப்பேசித் திரையைத் தடவினாள். பழைய வட்டப் பொத்தான் இருந்த இடத்தில் ஓர் இதயம். அமுக்கினாள். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, இதேபோல் இன்னும் தருகிறோம் என்றது.

"நிறுத்தித் தொலைடி," என்றான் கணவன் ஃபிலிப்போ, கண்ணை மூடியபடியே.

"எங்கங்க நிறுத்துறது? தொட்டா படம்தான் பெருசாகுது."

"போன வாரம் காவலுக்கு நின்னு பௌலோ வீட்டுப் பன்னியச் சபைக்குப் பிடிச்சுக் கொடுத்ததே நான்தான். இன்னைக்கு ரோட்டுல காவல் யாரு தெரியுமா?"

"யாரு?"

"அவனேதான்."

"அப்பா, நம்ம பன்னி என் கல்யாணத்துக்குன்னு வளர்த்ததுப்பா," என்றாள் மகள் ரூட்டா.

"கண்ண மூடு. நல்லா வேண்டிக்கோ."

3

கைப்பேசியையே அணைத்திருக்கலாமே என்கிறீர்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன், கண்ணுகளா. அவளுக்குத் தோன்றவில்லை. பதற்றத்தில் நமக்கு மட்டும் தோன்றிவிடுகிறதா?

[மேலே தள்ளினாள், பாட்டு வரிகள் வந்தன. கீழே தள்ளினாள், பாடகியின் பிறந்த ஊர் வந்தது.]

ஃபிலிப்போ திடீரென்று தோத்திரப்பாட்டை உரக்க எடுத்தான். ரூட்டாவும் சேர்ந்துகொண்டாள். ஆட்டப்பாட்டு அதற்குள் முங்கியது, முக்கால்வாசி. சாலையில் பௌலோவின் கால்கள் நின்றன.

4

முடிவு ஒன்று: பௌலோ உள்ளே எட்டிப் பார்த்துக் கையை உயர்த்—

இல்லை. அவனை அவ்வளவு வன்மக்காரனாக்க எனக்கு மனமில்லை.

முடிவு இரண்டு: பௌலோவும் சேர்ந்து பாடி—

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.

அவன் அங்கேயே நிற்கிறான். ஃபிலிப்போவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ரூட்டாவின் குரல் மட்டும் போதாது. மசீனா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்த தோத்திரம் எதுவானாலும் எடுத்து விடுங்கள். கொஞ்சம் உரக்க.