ஓடிய தூரம்

குழந்தைகளின் உடற்தகுதியை இனி கண்ணால் பார்த்து முடிவு செய்யப்போவதில்லை என்று கால்பந்துப் பயிற்சி மையத்தின் தலைவர் அறிவித்தார். அறிவிப்பதற்காக அவர் நாற்காலியிலிருந்து எழவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கருப்பு பனியன் வந்தது. அதன் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. யார் எத்தனை மீட்டர் ஓடினார்கள் என்று அது சொல்லும். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கடைசி என்றால் அணியில் இடமில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் கடைசி, லிஃப்ட் மெக்கானிக்கின் பதினொரு வயது மகள். கூட ஆடுபவர்கள் அவளைத் தூணு என்பார்கள். தற்காப்பில் நிற்பாள். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நின்றிருப்பாள். அந்த இரண்டு ஆட்டங்களிலும் எதிரணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அதைக் கருவி குறித்துக்கொள்ளவில்லை.

அப்பா பயிற்சியாளரைப் பிடித்தார்.

"நல்லாத்தானே சார் ஆடுறா?"

"எனக்குத் தெரியுது. பனியனுக்குத் தெரியலையே!"

"தலைவர்கிட்ட நீங்க சொல்லலாமே?"

"அவரை எதிர்த்துப் பேசினவரோட இடத்துலதான் சார் நான் இருக்கேன்."

மறுநாளிலிருந்து தூணு குடியிருப்பின் பன்னிரண்டு மாடிப் படிகளைத் தினம் ஆறு தடவை ஏறி இறங்கினாள். அப்பா கைக்கடிகாரத்தோடு கீழே நின்றார்.

"ஊரையே லிஃப்டுல ஏத்திவிடுற மனுஷன், பெத்த பொண்ணைப் படியில விரட்டுறீங்களே," என்றாள் அம்மா. "குதிகால் வீங்கியிருக்கு, பாத்தீங்களா?"

"பூட்ஸைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறவடி அவ. டீமை விட்டுத் தூக்கிட்டா என்ன ஆவா, யோசிச்சியா?"

அம்மா கால் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

மூன்றாவது ஆட்டத்தில் தூணு ஓடினாள். கோட்டோரமாக ஓடினாள், நடுவட்டத்தைச் சுற்றி ஓடினாள், நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியபோதும் ஓடினாள். "தூணுக்குக் கால் முளைச்சிடுச்சுடா!" என்று ஒருவன் கத்தினான். பந்து ஒருமுறை அவள் காலடியிலேயே உருண்டது. அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். எதிரணி ஐந்து கோல் போட்டது.

பட்டியலில் முதலிடம் அவளுக்கு. தலைவரே பதக்கம் அணிவித்தார். "வெற்றி தோல்வி வரும், போகும். உடற்தகுதிதான் நம் சொத்து!" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. தோற்ற பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

மைதானத்துக்கு வெளியே, சுவரோரம் உட்காரவைத்து அப்பா அவள் பூட்ஸைக் கழற்றினார். வீக்கத்தில் சிக்கிக் காலுறை வர மறுத்தது.

"பந்து பக்கத்துலயே போச்சேம்மா, ஏன் விட்டே?"

"பந்தைப் பாத்தா நின்னுடுவேன்ப்பா. அதான் பாக்கவே இல்ல."

அவர் காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டினார்.

"டீம்ல இருக்கேன்ல?"

"இருக்கேம்மா."

அவள் தலையாட்டினாள். சந்தோஷமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.