திட்டில் ஏறாத தண்ணீர்

தண்ணீர் முறை வந்த அன்று காலை, செவ்வந்தி அப்பா தங்கையனோடு வரப்பில் நின்றாள். தோள்பையில் அந்தப் பாழாய்ப்போன அறிக்கை இருந்தது.

வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கடுகளவு எரிபொருள் உருண்டையை எல்லாப் பக்கமும் லேசர் ஒளியால் அமுக்கினால், சூரியனுக்குள் நடப்பது அதற்குள்ளும் நடக்கும். அதற்கு எவ்வளவு சக்தி தேவை என்று கணக்கிட்டவள் அவள்தான். அந்த எண்ணைக் காட்டித்தான் திட்டமே கிடைத்தது. இப்போது திரும்பப் போட்டால் பத்து மடங்கு வருகிறது. உருண்டையில் மயிரிழை மேடுபள்ளம் இருந்தாலும் அமுக்கம் கோணிக்கொள்கிறது. அவளோ கணக்கில் அதை அப்பழுக்கில்லாத உருண்டை என்று வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையை எழுதினால் திட்டம் மூடப்படும், அவள் வேலையும் போகும். பழைய எண்ணே இருக்கட்டும் என்று மேலதிகாரி கெஞ்சாத குறை.

அப்பாவோ, மகள் சூரியனைக் கொண்டுவரப் போகிறாள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் லஸ்கர் அய்யாவு வந்து, மடைப் பலகையை இறக்கி அடைத்தான். "மூணு மணி நேரம் முடிஞ்சுதுங்கண்ணே."

கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், மிராசுதாரின் உபரி நிலத்தில் தங்கையன் வாங்கிய இரண்டு மா வயல் அது. நடுவில் ஒரு திட்டு. எத்தனை வருஷம் வெட்டியும் அரைச் சாண் இன்னும் நிற்கிறது. அங்கே நாற்று வெளுத்துக் கிடந்தது.

"திட்டுல தண்ணி இன்னும் ஏறலையே அண்ணே!" என்றாள் செவ்வந்தி.

"ரெண்டு மாவுக்கு மூணு மணி நேரம். கணக்கு அதாம்மா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நிலம் தாம்பாளம் மாதிரி இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு! வந்து பார்த்தாங்களா யாராச்சும்?"

சொன்னது தனக்கே பொருந்துவது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வரப்பிலேயே உட்கார்ந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நானும் இதே தப்பைத்தான் பண்ணியிருக்கேம்ப்பா. மாத்தி எழுதிடப் போறேன். எனக்குத் தெரிஞ்சு சூரியன் இப்போதைக்கு வராது."

தங்கையன் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். டீக்கடையை நினைத்திருப்பார், பாவம். பிறகு மடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அய்யாவு! சூரியனுக்கே கணக்குப் போட்டவ எம் மவ. தப்பாப் போட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டு, வேலை போனாலும் பரவாயில்லங்கிறா. உன் மூணு மணி நேரம் என்னய்யா பெரிய கணக்கு? பலகையைத் தூக்கு!"

அய்யாவு அவளைப் பார்த்தான். பலகையை ஒரு சாண் தூக்கினான்.

செவ்வந்தி அறிக்கையை மடியில் விரித்து, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்தாள்.