அடிவானத்துக்குக் குறுக்கே ஓர் அட்டை

தென் கொரியாவின் பூசான் நகரக் கண்காட்சிக் கூடத்தில் அந்த வாரம் ஒரு நீலக் கோடு ஓடியது. மெட்ரோ வாசலில் தொடங்கி, தூண்களைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி, மீன் உருண்டைக் கடைகளின் முகப்பு வழியாகப் போட்டி மேடைவரை போயிற்று. எங்கும் ஒரே உயரம். கோட்டுக்கு மேலே வெளிறிய சாம்பல், கீழே அடர்நீலம். ஹேயுண்டே கடற்கரையில் நின்றால் தெரிகிற அடிவானம் அது. ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டை வரைந்தவள் பான் சியோன். கணினி விளையாட்டுத் திருவிழாவுக்கு நுழைவுச்சீட்டிலிருந்து வீரர்களின் மேல்சட்டைவரை எல்லாவற்றுக்கும் ஒரே முகம் தர வேண்டும் என்பது அவளுடைய சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்த வேலை. இத்தனை பெரிய வேலை அதற்குமுன் கிடைத்ததில்லை. ஆகவே கோடு எங்கும் அறுபடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். தீயணைப்புப் பெட்டியைக்கூட நீலத்துக்குள் இழுத்துவிட்டாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை வந்தது. மேடையில் இரண்டு கண்ணாடி அறைகள். வீரர்கள் அவற்றுக்குள் உட்கார்ந்துதான் விளையாடுவார்கள். கண்ணாடிக்குக் கீழே இடுப்பளவு பலகை. தொலைக்காட்சியில் அதிக நேரம் தெரிவது அந்தப் பலகைதான். விழாவுக்குப் பணம் போட்ட குளிர்பான நிறுவனம் அங்கே தன் டப்பாவின் படத்தைக் கேட்டது.

"அடிவானத்துல யாராவது ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா சார்?" என்று கேட்டிருந்தாள் சியோன்.

நிறுவனத்தின் விளம்பர மேலாளர் மேங், "சரி. ஆனா ஒண்ணு. எங்களுது இல்லைன்னா யாரோடதும் இருக்கக் கூடாது. எங்க தலைவர்கிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன்" என்றார்.

"யாரோடதும் இருக்காது" என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

போட்டி நாள் காலையில் வீரர்கள் அறைகளைப் பார்க்க வந்தார்கள். தோ ஜேபோம் கடைசியாக வந்தான். பழைய விண்வெளிப் போர் விளையாட்டில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவன். ராணுவச் சேவை, மணிக்கட்டு அறுவை சிகிச்சை என்று ஒதுங்கியிருந்து, முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்திருந்தான். அன்று கூட்டத்தில் பாதி அவனுக்காக வந்த கூட்டம்.

நாற்காலியை ஏற்றி இறக்கினான். மவுஸை நகர்த்திப் பார்த்தான். பிறகு வெளியே வந்து பலகையின் முன் நின்றான்.

"அழகா இருக்குக்கா" என்றான் சியோனிடம். "அட்டைய எங்க வைப்பாங்க?"

"எந்த அட்டை?"

அவன் சிரித்துவிட்டான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான். "பரவால்லக்கா, இல்லைன்னா விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அறைக்குப் போனான்.

சியோன் திரும்பிக் கூட்டாளி கியூமினைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"கியூமின், என்ன அட்டை?"

"ரசிகர்கள் வரைஞ்சு கொண்டு வருவாங்க. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அறைக்கு வெளிய வைப்பாங்க. வீரனைக் கிண்டல் பண்ணி, திட்டி, தூக்கிவச்சு, என்ன வேணா எழுதுவாங்க. கேமரா முதல்ல அதைத்தான் காட்டும். இருபது வருஷமா நடக்குது."

"நாம பாத்த பழைய படத்துல ஒண்ணுலகூட இல்லையே?"

"இருந்துச்சு." அவன் தரையைப் பார்த்தான். "அறையோட அமைப்பு சுத்தமாத் தெரியணும்னு நீதான் சொன்ன. எல்லாத்துலயும் அழிச்சுட்டுத்தான் உனக்கு அனுப்புனேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. அந்தப் படங்களை மேசைமேல் பரப்பி, 'எவ்வளவு அமைதியான பலகை' என்று வியந்தவள் அவள்தான்.

வாசலில் ஏற்கெனவே பேச்சு முற்றியிருந்தது. பக்கத்து ஊரான சாங்வோனில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பியோ உன்ஜூ, கதவகலப் பை ஒன்றை அணைத்தபடி காவலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி நாட்களிலிருந்து ஜேபோமுக்கு அட்டை வரைபவள் அவள் என்று பின்னால் நின்ற பெண்கள் சொன்னார்கள். அவர்களும் இப்போது அலுவலக விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்.

"உள்ள ஒட்ட அனுமதி இல்லைங்க" என்றார் காவலர்.

"ஒட்ட மாட்டேன், சாய்ச்சு வைப்பேன். நீங்க ஒட்டறதைப் பத்தித்தானே சொல்றீங்க?"

சியோன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். உன்ஜூ உடனே பையைத் திறந்தாள். பன்றி சூப்புக் கிண்ணத்துக்குள் கழுத்துவரை முங்கிக் கிடக்கும் ஜேபோம். கையில் கரண்டி. மேலே கொட்டை எழுத்தில்: 'சாப்பிட்டது போதும், எழுந்திரு மாமா!'

"இது… அவரை உற்சாகப்படுத்தவா?" என்று கேட்டாள் சியோன்.

"பின்ன? ரெண்டு வருஷமா விளையாடாம, அவனோட இணைய நேரலைல சூப்பு குடிச்சே காட்டிட்டிருந்தான். கெஞ்சினாக் கேக்கற ஆளில்லை. கேலி பண்ணினாத்தான் ரோஷம் வரும்."

"இதைப் பக்கவாட்டுச் சுவர்ல வச்சா?"

"எங்களுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாதே. வீட்ல உக்காந்து பாக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பெரிய திரைல பளிச்சுனு போடலாம். இதைவிட நல்லாத் தெரியும்."

உன்ஜூ அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "திரைல போட்டா விளம்பரம் மாதிரி ஆயிடுங்க. இது நான் அவன் மூஞ்சிக்கு முன்னாடி கொண்டுபோய் வைக்கறது."

சியோன் மேடைக்குத் திரும்பினாள். பிற்பகல் போட்டிக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. காட்சித்திரையில் கோடு இடது ஓரத்தில் நுழைந்து, இரண்டு அறைகளின் வழியாகவும் அசையாமல் போய், வலது ஓரத்தில் வெளியேறியது. மாதக்கணக்காக மனதில் பார்த்தது அப்படியே வந்திருந்தது. அட்டைக்கு இடம் அந்தப் பலகையில்தான் உண்டு. வைத்தால் கோடு நடுவில் அறுந்துபோகும். மேங்கிடம் கொடுத்த வாக்கும் சேர்ந்து போகும். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஜேபோமே விட்டுவிடச் சொல்லியாயிற்று.

ஆனாலும் அந்தச் சூப்புக் கிண்ணம் கண்ணை விட்டுப் போகவில்லை. மேங்கைத் தேடிப் போனாள்.

அவர் விருந்தினர் அறையில் கிம்பாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய படங்களை அழித்ததையும் மறைக்கவில்லை.

"அடிவானத்துல ஸ்டிக்கர் ஒட்ட முடியாதுன்னு சொன்ன ஒரு பொண்ணு எனக்குத் தெரியும்" என்றார் மேங்.

"நான்தான் சார்."

"அப்ப என்னோட டப்பா?"

"கேட்டீங்கன்னா நான் மறுக்க முடியாது."

"கேக்கறேன். ரெண்டு அறைலயும்." வாயைத் துடைத்துக்கொண்டார். "வருத்தமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். என் பொண்ணுகிட்ட அந்தக் கோட்டைக் காட்டிப் பெருமை அடிச்சிருந்தேன். ஆனா தலைவர் என் தோலை உரிச்சுடுவார்மா. டப்பாவை யாரும் மறைக்கக் கூடாது, அதை மட்டும் நீ பாத்துக்க."

"பாத்துக்கறேன் சார்."

இரண்டு பலகைகளின் வலது மூலையிலும் டப்பாவின் படத்தை அவளே ஒட்டினாள். சிவப்பு டப்பா. நீலத்தின்மேல் கண்ணைக் குத்தியது. நடுவில் அட்டை நிற்க ஒரு மெல்லிய தாங்குசட்டம் பொருத்தினான் கியூமின்.

பிற்பகலில் ஆட்டம் தொடங்கியது. ஜேபோம் அறைக்குள் போகுமுன் அட்டையைப் படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் உன்ஜூவைத் தேடி, விரலை ஆட்டி மிரட்டினான். கேமரா கிண்ணத்தைக் காட்டியது. அரங்கமே "எழுந்திரு மாமா!" என்று கத்தியது. எதிர் அறையில் இருந்த பத்தொன்பது வயது வீரன்கூடக் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"கோடு கப்பலுக்குப் பின்னாடி மறைஞ்ச மாதிரி இருக்கு, இல்ல?" என்றான் கியூமின் மெதுவாக.

"சமாதானம் சொல்லாத. அறுந்துதான் போச்சு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அந்த ஆளு சிரிக்கறதைப் பாரேன்."

முதல் ஆட்டத்தில் ஜேபோம் தோற்றான். இரண்டாவதில் நீண்ட நேரம் இழுத்துப் பிடித்து ஜெயித்தான். மூன்றாவதுக்கு முன் இடைவேளை விட்டார்கள்.

அட்டை வைக்கலாம் என்ற செய்தி அதற்குள் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. மேடைப் படியில் வரிசை நின்றது. பலர் அங்கேயே, சிற்றுண்டிப் பெட்டிகளைக் கிழித்து, இரவல் பேனாவில் எழுதியிருந்தார்கள். தாங்குசட்டத்தில் இடம் போதவில்லை. கியூமின் ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுக்க, சியோன் ஒவ்வொன்றாக வாங்கி ஒட்டினாள்.

"மேலயா கீழயா அக்கா?"

"கொஞ்சம் இடது பக்கம். எழுத்து கேமரா பக்கம் திரும்பணும்."

இளைய வீரனின் ரசிகன் ஒருவன் தானே அந்த அறைப் பலகையருகே போய், அகலமான அட்டை ஒன்றை வலது மூலையில் ஒட்டிவிட்டு ஓடினான். சிவப்பு டப்பா அதற்குப் பின்னால் காணாமல் போயிற்று. ஒட்டிய அட்டைக்கு இடப்பக்கம் பலகை இன்னும் ஒரு முழம் வெறுமையாக இருந்தது. எஞ்சியிருந்த கோடு அங்கே மட்டும் தெரிந்தது.

மேங் கூட்டத்தில் எங்கோ இருந்தார். விளக்குகள் மங்கத் தொடங்கியிருந்தன.

"சியோன், வா, ஆரம்பிக்கப் போறாங்க" என்றான் கியூமின்.

"ஒரு நிமிஷம்."

அவள் அந்த அட்டையை ஓரம் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தாள். டப்பா மறுபடி தெரிந்தது. அட்டையை இடப்பக்கம் நகர்த்தி, கோட்டின்மேல் வைத்து, நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பிறகு படியிறங்கி வந்து ரசிகர்களோடு நின்றுகொண்டாள்.