வலம் வந்த முக்கோணம்

சுலக்ஷனாவின் முக்கோணத்தைக் கணித ஆசிரியர் யோகேஸ்வரன் சேர் சிவப்புப் பேனாவால் அடித்த அடியில் தாளே கிழிந்திருந்தது.

அச்சுகள் வெட்டும் புள்ளியைப் பற்றி முக்கோணத்தை 90 பாகை சுழற்றச் சொல்லியிருந்தது கேள்வி. எந்தப் பக்கம் என்று இல்லை. அவளுக்கு அந்தப் புள்ளி தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் போலத் தோன்றியது. வலம் வந்தாள். (3, 1) என்ற முனை (1, −3)க்குப் போனது. சேரின் விடை (−1, 3).

அந்தக் கேள்விக்கான ஐந்து மதிப்பெண் புள்ளிகளும் போயின. மொத்தத்தில் நான்கு புள்ளிகளால் வகுப்புத் தோழி நதா முந்தினாள். ஹட்டனில் நடக்கும் கணிதப் போட்டிக்கு அவர்களுடைய அக்கரப்பத்தனைப் பள்ளியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

"சாமி சுத்தியிருக்கா பாருங்க! போட்டிக்கு எதுக்கு? போய்க் காவடி எடு!" என்றார் சேர். வகுப்பு சிரித்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எந்தப் பக்கம்னு கேள்வியில இல்லையே சேர்?"

"சொல்லாட்டி இடஞ்சுழிதான். ஒலகத்துக்கே தெரியும்."

"நீங்க சொல்லித் தரலயே!"

"இந்த வாயக் கொழுந்து மலையில போய்க் காட்டு!"

அவளுடைய அம்மா அப்போது கொழுந்து மலையில்தான் தேயிலை பறித்துக்கொண்டு நின்றாள். சுலக்ஷனா தாளைக் கசக்கினாள்.

டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஹ்ஸினின் மகள் நதா எழுந்தாள்.

"எனக்கும் தெரியாது சேர். மக்காவுல கஃபாவ இடஞ்சுழியாத்தான் சுத்துவாங்கன்னு வாப்பா சொல்லியிருக்காரு. அந்த ஞாபகத்துல சுத்துனேன். சரியா வந்திருச்சு."

"அப்ப ஒனக்கும் வெட்டவா?"

"வெட்டுங்க சேர்."

வெட்டினால் ஒரு புள்ளியால் சுலக்ஷனா முந்துவாள். நதாவுக்கு அது தெரியும்.

"அவ விடை சரி, அதத் தொடாதீங்க!" சுலக்ஷனாவின் குரல் கிறீச்சிட்டது. "சொல்லித் தராத கேள்வியத்தான் வெட்டணும்!"

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் கிஷாந்த் மெல்ல, "எங்களுக்கும் சொல்லித் தரல சேர்" என்றான். இன்னும் நான்கு பேர் தலையாட்டினார்கள்.

சேர் மன்னிப்புக் கேட்கவில்லை. கரும்பலகையில் இடஞ்சுழி அம்பு ஒன்றை வரைந்து, அந்தக் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டு, பட்டியலைத் திருத்தினார். சுலக்ஷனாவின் பெயர் மேலே வந்தது.

அவருடைய சொல் அவள் நெஞ்சில் அப்படியே கிடந்தது. அந்தக் கோபத்தை எந்தத் தெய்வமும் குற்றமாக எண்ணாது.

மணி அடித்ததும் நதாவின் மீதே பாய்ந்தாள்.

"லூசாடி நீ? யாரு ஒன்ன எந்திரிக்கச் சொன்னா?"

"அல்லா பாத்துக்கிட்டுத்தானே இருக்கான்" என்றாள் நதா. "கத்தாத. கசக்குன தாளக் குடு, நீவி வைப்போம்."