நானூற்றுப் பதினெட்டாவது ஆணை

அந்த வாரத்து அரசிதழில் ஆணை எண் 417-க்கு அடுத்ததாக 419 வந்திருந்தது. 418 இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன். தவறவிட்டவள் நான்.

அரசு அச்சகத்தில் நான் பிழை திருத்துபவள். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். இன்னொருவர் அச்சுப்படியில் கண் வைத்துக்கொண்டே வருவார். எனக்குப் படித்துக்காட்டுபவரை எல்லோரும் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். வாக்கியத்தின் நடுவே வரும் காற்புள்ளியைக்கூட விடாமல் "காற்புள்ளி" என்று சொல்லிச் சொல்லிப் படிப்பார். பக்கம் முடிந்ததும் "சரியா?" என்பார். நான் "சரி" என்பேன். அந்தச் சரிக்கு ஒரே அர்த்தம்தான்: மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறது. மூலமே சரிதானா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது. சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

418 மூலத்திலேயே இல்லை. தட்டச்சு செய்தவர் ஓர் எண்ணைத் தாண்டிப் போய்விட்டார். காற்புள்ளி "நானூற்றுப் பத்தொன்பது" என்று படித்தபோது என் பென்சில் ஒரு கணம் நின்றது. கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் துறைக்குப் போன் போட வேண்டும். அங்கே எடுக்க மாட்டார்கள். சாப்பாட்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"சரி" என்றேன்.

அண்ணன் மின்மீட்டர்களைச் சோதிக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். அரசு ஆலை. ஆறு வருடத்துக்கு முன்னால் நான்கு வரி ஆணை ஒன்றில் அதை மூடினார்கள். காரணம் எதுவும் போடவில்லை. அண்ணன் காரணம் கேட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். முதல் மாடியில், "எங்களுக்கு மேலேருந்து வந்துச்சுங்க" என்றார்கள். இரண்டாவது மாடியில், "மேலேருந்துதான் வந்துச்சு, நாங்க என்ன பண்றது" என்றார்கள். மூன்றாவது மாடிக்குப் போனான். அங்கே இருந்தவரும் விரலை மேலே காட்டினார். அதற்கு மேல் மொட்டை மாடிதான்.

இதை ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் வாயில் 'மேல' என்பது ஓர் இடமாகிவிட்டது. அங்கே சில பேர் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தல், மந்திரிகள், கோர்ட்டு எல்லாம் அவர்கள் மாட்டிவைத்த திரை. போனில் ஒரு குழுவும் கிடைத்தது, நானூறு ஐந்நூறு பேர். அதில் அவனுக்குப் பெயர் மீட்டர். "மீட்டர் அண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று யார் யாரோ கேட்டார்கள். ஆலையை மூடிய பிறகு அவனிடம் யாரும் எதையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டதில்லை.

எனக்கு அது புரியாமல் இல்லை. பத்தொன்பது வருடத்தை யாரோ உட்கார்ந்து யோசித்து, வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள் என்றால் கோபப்படவாவது ஒரு முகம் இருக்கிறது. யாரும் யோசிக்கவே இல்லை, ஒரு கோப்பு இன்னொரு கோப்பின் மேல் ஏறி அப்படியே நகர்ந்து வந்துவிட்டது என்றால் அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

இதற்கிடையில் அவன் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். "போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். உடனே ஆபரேஷன் பண்ணணும்." அண்ணி அலைந்து திரிந்து அரசு மருத்துவமனையில் ஒரு வியாழக்கிழமையை வாங்கி வந்தாள். அண்ணனும் சரி என்றுதான் சொன்னான். அந்த வியாழக்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால்தான் 418 இல்லாத அரசிதழ் வந்தது.

"அந்த நானூத்திப் பதினெட்டுல என்ன இருக்குன்னு தெரியாம, நான் போய் அவங்க மேசையில படுக்க மாட்டேன்" என்றான்.

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "இத்தனை கோடி ஜனத்துல உங்க கண்ணைப் பிடுங்கத்தான் ரகசியமா கவர்மெண்ட் நடத்துறாங்களா? அவ்வளவு பெரிய ஆளா நீங்க? எனக்குத் தெரியாமப் போச்சே."

"நீ சிரி."

"எனக்கு எங்க சிரிப்பு வருது."

நான் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, எங்க ஆபீஸ்ல ஒரு ஃபேன் ரிப்பேர் பண்ண ஏழு மாசம் ஆச்சு. மூணு கையெழுத்து. கடைசியில பக்கத்து ரூம் ஃபேனைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. இவங்களா ரகசியமா நாட்டை ஆள்றாங்க?"

"அதான் அவங்க கெட்டிக்காரத்தனம். வெளியில கோமாளி மாதிரி தெரியணும்."

ஃபேன் ஓடினாலும் அவனுக்குச் சாட்சி, ஓடாவிட்டாலும் சாட்சி.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் போய், தவறு என்னுடையது, திருத்தம் வெளியிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் கேக்கலையேம்மா. இது யார் கண்ணுல படப்போகுது?"

"பட்டுடுச்சு சார்."

"ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு. பதிவேட்டுல கரும்புள்ளி விழும். எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து, ஆபரேஷனுக்கு முந்தைய நாள், இதழின் கடைசிப் பக்கத்தில் திருத்தம் வந்தது: 'எண் 418 இட்ட ஆணை எதுவும் இல்லை. தட்டச்சுப் பிழையால் அவ்வெண் விடுபட்டது எனத் தெரிந்துகொள்க.' அதையும் காற்புள்ளிதான் படித்தார். இந்தத் தடவை சரி சொல்லுமுன் மூன்று முறை பார்த்தேன்.

மை காயாத இதழை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய பை கதவருகே தயாராக இருந்தது.

அண்ணன் நிமிர்ந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"பாத்தியா? நான் குழுவுல எழுதி இருபது நாள்கூட ஆகலை. பதில் சொல்லிட்டாங்க."

"அண்ணா, அது…"

"இல்லாத ஒண்ணை இல்லைன்னு சொல்ல எதுக்கு அரசிதழ்? யாரு கேட்டா?"

"நான் கேட்டேன். எழுதிக் கொடுத்தேன். தப்பு என்னோடது. என் கண்ணுல பட்டுச்சு, சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். அவ்வளவுதான் அண்ணா. வேற ஒண்ணுமே இல்லை."

அவன் பூதக்கண்ணாடியை மடிமேல் வைத்தான். தெருவில் ஒரு வண்டி கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருந்தது.

"ஆலையை மூடின ஆணை" என்றான். "அதை நீதானே பாத்தே?"

ஆறு வருடத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"அந்தப் பிரிவுல ரெண்டே பேர்தானே. ஒருத்தர் படிப்பாரு, நீ பாப்பே. வெளியாக எத்தனை நாள் முன்னாடி பாத்தே?"

"பத்து நாள்."

"பத்து நாளும் சாயங்காலம் இங்கே வந்தே. என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே. நான் புது மீட்டர் வரப்போறதைப் பத்திப் பேசிட்டே இருந்தேன். கேட்டுட்டுப் போனே."

"வெளியாகற வரைக்கும் சொல்லக் கூடாதுண்ணா. வேலையில சேரும்போதே கையெழுத்து வாங்கிடறாங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவன் கையை நீட்டினான். தோள் என்று நினைத்து என் காதைத் தொட்டான். தடவி, தலையில் வைத்தான். "உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. இதுக்கு என்ன கையெழுத்து வாங்கினாங்களோ, பாவம்."

வியாழக்கிழமை காலை அண்ணி அழைத்தாள், கெஞ்சினாள், திட்டினாள். அவன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மனிதனை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? மதியம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அண்ணி பையிலிருந்த வேட்டி துண்டுகளை எடுத்து, கலையாத மடிப்பை ஒருமுறை உதறி, மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள்.

எட்டு மாதமாகிறது. இப்போது அவனுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். குழுவில் அவன் பெயர் இன்னும் பெரிதாகியிருக்கிறது. மேலே இருப்பவர்கள் மீட்டரின் கண்ணைப் பறித்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். அவன் போகாமல் விட்ட அந்த வியாழக்கிழமையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் நான் அரசிதழைக் கொண்டுபோய் அவனுக்குப் படிக்கிறேன். முதல் தடவை முடியாது என்றுதான் சொன்னேன். "அப்ப வேற யாரையாவது வெச்சுப் படிக்கச் சொல்றேன்" என்றான். குழுவிலிருந்து யாராவது வீட்டுக்குள் வந்து உட்காருவதைவிட நானே படித்துவிடலாம் என்று தோன்றியது. காற்புள்ளியைப் போலவே படிக்கிறேன், எதையும் விடாமல். அவன் என் தலைக்குச் சற்று மேலே சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

நேற்று, ஆணை எண் இருநூற்று ஆறைப் படித்து முடித்தேன். தொண்டை வறண்டது. எச்சில் விழுங்கினேன். "ஆணை எண் இருநூற்று ஏழு."

"ஏன் நின்னே?"

"தொண்டை கரகரன்னுச்சு."

"தொண்டை" என்று திருப்பிச் சொன்னான். உதட்டோரம் லேசாகச் சிரித்தான். "நோட்டை எடு."

அவன் நோட்டு. பழைய பக்கங்களில் அவனுடைய குண்டுக் குண்டான எழுத்து வரவர வரிவிட்டு இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டிருக்கும். அதற்குப் பிறகு என் கையெழுத்து.

"எழுது. இருநூத்தி ஆறுக்கும் இருநூத்தி ஏழுக்கும் நடுவுல ஒரு நிறுத்தம். படிச்சவங்க காரணம் சொல்லலை."

"சொன்னேனே அண்ணா."

அவன் காத்திருந்தான். உள்ளே அண்ணி பாத்திரம் கழுவுவது நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. பென்சிலை எடுத்து எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரியா?"

அவன் சொன்னதையும் தாளில் இருந்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"சரி" என்றேன்.